ஊர் வீட்டைத் திறக்குமுன்...

பள்ளித் தேர்வுகள் முடியும் சமயம் வந்துவிட்டால் மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுதான். டிக்கெட் கிடைத்ததா? எத்தனை நாள் லீவு? இந்த வருஷமாவது ஊர் வீட்டைத் திறந்து வெள்ளையடிக்க வேண்டாமா? பெற்றோர் காலமானபின் பூட்டிக் கிடக்கும் வீடு, குத்தகைக்கு விட்ட நாலு மா நிலம், தண்ணீர் வற்றிப்போன கிணறு, தென்னை பத்து, பனை இரண்டு. நம்மில் பலருக்கும் ஊர்ச் சொத்து என்பது இவ்வளவுதான். ஆனாலும் அதை விட மனம் வருவதில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது போய், அந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்தால்தான் மனசு ஆறுகிறது.

போகவேண்டியதுதான். குழந்தைகளையும் அழைத்துப் போகவேண்டியதுதான். ஆனால் ஒன்றை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை. நாம் வருஷத்தில் பதினைந்து நாள் குடியிருக்கும் அந்த வீட்டில், மீதி மூன்று நூற்று ஐம்பது நாளும் வேறு சிலர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகை கிடையாது, பட்டா கிடையாது. ஆனால் அனுபவ பாத்தியதை நம்மைவிட அதிகம். எலி, பல்லி, தேள், பூரான், அவற்றைத் தேடி வரும் பாம்பு, கூரையில் வௌவால், முருங்கையில் கம்பளிப்பூச்சி, பனையில் கதண்டு. திடீரென்று ஒரு நாள் காலையில் டாக்ஸியில் வந்து இறங்கிப் பூட்டைத் திறக்கும் நாம்தான் அவர்களுக்கு விருந்தாளிகள்.

இந்தக் கட்டுரை யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல. பிளாட்டிலேயே பிறந்து வளர்ந்த நம் குழந்தைகளுக்கும், இருபது முப்பது வருஷமாக ஊரை மறந்துவிட்ட நமக்கும், ஊரில் இருப்பவர்கள் சொல்லாமலே தெரிந்து வைத்திருக்கும் சில விஷயங்களை நினைவுபடுத்தத்தான்.

பூச்சி என்றால் பூச்சி அல்ல

முதலில் ஒரு சின்ன மொழிப் பிரச்சினை. நம் ஊர்ப் பெரியவர்கள் பொழுது சாய்ந்தபின் 'பாம்பு' என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்பது நம்பிக்கை. "பூச்சி பொட்டு கிடக்கும், பாத்துப் போங்க" என்பார்கள். ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அது என்ன பூச்சி என்று உடனே புரியும். இங்கே வளர்ந்த நம் பிள்ளைக்குப் பூச்சி என்றால் கரப்பான் பூச்சி. செருப்பைக் கழற்றி அடிக்கப் போய்விடும்.

கோவில்பட்டிப் பக்கம் என் அத்தை ஒருத்தி இருக்கிறாள். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, தனியாகத்தான் இருக்கிறாள். போன முறை நாங்கள் போயிருந்தபோது பேரனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பட்டப்பகலில், "ஏல, அத்தை ராத்திரி பூச்சின்னு சொன்னா அது பாம்புதான், தெரிஞ்சுக்க" என்று விளக்கம் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள். அதோடு ஒரு டார்ச் லைட்டையும் கையில் கொடுத்தாள். "இது இல்லாம கொல்லைக்கும் போகக்கூடாது, வாசலுக்கும் போகக்கூடாது." ஊருக்குப் போகிற ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த இரண்டு உபதேசமும் ரயில் ஏறுமுன்பே ஆகிவிடவேண்டும்.

பூட்டைத் திறக்கும் நாள்

நெடுநாள் பூட்டிய வீட்டுக்குள் குடும்பத்தோடு போய் இறங்கி, அன்றிரவே பாய் விரித்துப் படுப்பது நல்லதல்ல. இரண்டு நாள் முன்னதாக ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கூட்டச் சொல்லுங்கள். கூலி கொடுத்தால் போயிற்று. நீங்களே செய்வதானால் பகல் வெளிச்சத்தில், காலை மூடிய பூட்ஸ் அல்லது கனமான ஷூ போட்டுக்கொண்டு, நீளக் காம்புள்ள துடைப்பத்தால் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைப்பதில்லை என்பதுதான் முதல் விதி. பரண், குதிர், அடுப்படி மாடம், அடுக்கி வைத்த ஓடு, விறகுக் கட்டை, பழைய சாக்கு எதுவாக இருந்தாலும் முதலில் கம்பால் தட்டவேண்டும், பிறகு கம்பால் நகர்த்தவேண்டும், கடைசியில்தான் கை.

பாம்பு நம்மைத் தேடி வீட்டுக்குள் வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது. எலி நெல்லையும் தேங்காயையும் சிந்திய சோற்றையும் தேடி வருகிறது. ஆகவே பாம்பை விரட்டவேண்டுமானால் எலியின் சாப்பாட்டை நிறுத்தவேண்டும். பூண்டு தெளிப்பது, ஃபினாயில் ஊற்றுவது, கெரசின் தெளிப்பது என்று பல வைத்தியங்கள் சொல்வார்கள். இவற்றை நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாது. சுவர் ஓட்டைகளைச் சிமெண்ட் பூசி அடைப்பது, சாக்கடைக் குழாய் வாயில் கம்பி வலை வைப்பது, வாசல் கதவின் அடிச்சந்தை ரப்பர் பட்டை வைத்து மறைப்பது, கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டுவது, விறகையும் செங்கல்லையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி அடுக்குவது ஆகியவை பலன் தரும். இவற்றுக்கெல்லாம் ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் வேலைக்கு மேல் ஆகாது.

இன்னொன்று: எலி கடித்த ஒயர். பழைய வீடுகளில் மெயினைப் போடுமுன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் ஸ்விட்சு ஒன்றையும் அப்போதே பொருத்திவிடுங்கள்.

நான்கு பாம்புகள்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் நம் ஊர்ப் பக்கம் மனித உயிரைப் பெரும்பாலும் பறிப்பவை நான்கே நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சாரை விஷமற்றது, எலியைத் தின்று விவசாயிக்கு உபகாரம் செய்வது. தண்ணீர்ப் பாம்பும் விஷமற்றது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டுக்குப் போய் மரத்திலிருந்து புகை வருகிறதா என்று பார்க்குமாம்! அந்த அப்பாவிப் பிராணியால் மனிதனுக்கு ஓர் ஆபத்தும் இல்லை.

நால்வரில் நல்ல பாம்பு படமெடுத்து எச்சரிக்கும். கண்ணாடி விரியன் குக்கர் போலச் சீறும். சுருட்டை விரியன் உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி ஓசை எழுப்பும். கட்டுவிரியன் மட்டும் சத்தமில்லாதவன். இருட்டியபின் வெளியே வந்து, எலியையும் வேறு பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் நுழைவான். தரையில் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரண்டால் கடித்துவிடுவான். பற்கள் மிகச் சிறியவை. வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. பலருக்கும் கடிபட்டதே தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண்ணிமை தானாக மூடிக்கொள்வது, பேச்சு குழறுவது, பிறகு மூச்சு முட்டல். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும். ஊரில் தரையில் படுத்து எழுந்த குழந்தை, காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்று சொன்னால் வேறு எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இதற்குத் தடுப்பு மிக எளிது. கட்டிலில் படுக்கவேண்டும், கொசுவலை கட்டி அதன் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் செருகவேண்டும். கொசுவலை பாம்புக்கடியையும் குறைக்கிறது என்பதை நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அடைமழைக்குப் பின்னும், அறுவடைச் சமயத்திலும் கூடுதல் கவனம் வேண்டும்.

கடித்துவிட்டால்

நம் நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020ல் வெளியான ஒரு விரிவான ஆய்வு கணக்கிட்டது. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர். வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள், தரையில் படுப்பவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017ல் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024ல் மத்திய அரசு இதற்கென ஒரு தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயமாக அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது.

செய்யக்கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. ரத்த ஓட்டம் நின்று காலையோ கையையோ இழக்க நேரும். பிளேடால் கீறக்கூடாது. வாயால் உறிஞ்சக்கூடாது. சினிமாவில் கதாநாயகன் செய்வதெல்லாம் சினிமாவோடு போகட்டும். மிளகு கொடுத்துப் பார்ப்பது, மந்திரிப்பது ஆகியவற்றில் கழியும் ஒரு மணி நேரம்தான் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. பாம்பைத் துரத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அதில் இரண்டாவது ஆளும் கடிபடுவார். எட்ட நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும், இல்லையென்றாலும் பாதகமில்லை.

செய்யவேண்டியது: கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைக்கவேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றை வீங்குமுன் கழற்றவேண்டும். எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் ஒரு பலகையை வைத்து, இறுக்காமல், காலையோ கையையோ அசையாதபடி கட்டவேண்டும். தைரியம் சொல்லவேண்டும். 108க்குப் போன் செய்யவேண்டும்; அது வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் கிளம்பவேண்டும். வாந்தி எடுத்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து நரம்பு வழியாக ஏற்றப்படும். முதலில் எட்டு முதல் பத்துக் குப்பி வரை தேவைப்படும். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே! ஆகவே "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு மருந்தா?" என்று டாக்டரிடம் சண்டை பிடிக்கவேண்டாம். விஷம் ஏறிய அறிகுறி இல்லையென்றால் மருந்து கொடுக்காமல் ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். அதுவும் முறையான சிகிச்சைதான்.

இந்த மருந்து எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்கிறார்கள். நம் பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்துக்கு இதில் நீண்ட பாரம்பரியம் உண்டு. அதற்கு வேண்டிய விஷத்தின் பெரும் பகுதி மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியிலிருந்து வருகிறது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி தடை செய்யப்பட்டதும் பிழைப்பை இழந்த இருளர் மக்களுக்காக, ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978ல் அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, சில வாரங்களில் சில முறை விஷம் எடுத்துவிட்டு மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க அழைக்கப்பட்டார்கள். 2023ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். வட இந்திய ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் பிழைத்தாலும் அதில் இருளர் கைப்பக்குவம் இருக்கக்கூடும் என்பது நாம் பெருமைப்படவேண்டிய விஷயம்.

செந்தேளும் மஹாட் டாக்டரும்

தேளில் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. கன்னங்கரேலென்று நண்டு போலப் பெரிய கொடுக்குள்ள கருந்தேள் கொட்டினால் உயிர் போவதுபோல் வலிக்கும். ஆனால் உயிர் போவது அபூர்வம். மெல்லிய கொடுக்கும் சிவந்த நிறமுமாகச் சிறிதாக இருக்கும் செந்தேள்தான் ஆபத்தானது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு. கொட்டிய சிறிது நேரத்தில் உடம்பு முழுவதும் வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கைகால் சில்லிட்டுப்போகும், நெஞ்சு படபடக்கும்; முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் நம் பக்கத்து வீட்டுக்காரர் என்றே சொல்லலாம். கோவா போகிற சாலையில் ராய்காட் மாவட்டத்தில் இருக்கும் மஹாட்டில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், கொங்கணத்துக் கிராமங்களில் செந்தேள் கொட்டி இறந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மாத்திரை இந்த விஷத்தின் வேலையைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார். 1986ல் லண்டனின் 'லான்செட்' இதழில் அது வெளியாயிற்று. முன்பு கொத்துக்கொத்தாக உயிர் போன இடத்தில் மரணம் மிகவும் அரிதாகிவிட்டது. 2022ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மாத்திரையை நாமே வாங்கிக் கொடுப்பதற்கல்ல இதைச் சொல்வது. குழந்தைக்குத் தேள் கொட்டி வியர்த்தால் வெங்காயம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து உண்டு என்று தெரிந்துகொள்வதற்குத்தான்.

ஒரு வேடிக்கையான உபாயம்: புற ஊதா ஒளி வீசும் சிறிய டார்ச் கடைகளில் கிடைக்கிறது. இருட்டில் அதை அடித்தால் தேள் பச்சை நீலமாகப் பளபளக்கும். முதல் நாள் இரவு சுவரோரம், துணி மூட்டை, குளியலறை ஆகியவற்றை அதைக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். காலையில் ஷூவைத் தட்டிப் போடுவதையும் துண்டை உதறித் துடைப்பதையும் மறக்கவேண்டாம்.

கதண்டும் தேனீயும்

பனை தென்னைகளில் கூடு கட்டும் கதண்டு பலமுறை கொட்டக்கூடியது. உயரமான மரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ கூட்டமாகத் துரத்தும். இவற்றில் கல்லெறிவதும், அடியில் புகை போடுவதும், பக்கத்தில் சரவெடி கொளுத்துவதும் வினையை விலைக்கு வாங்குவதாகும். நம் தோட்டத்தில் கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். இரவில் வந்து முறையாக அகற்றுவார்கள். வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் அவர்களைக் கூப்பிடலாம்.

துரத்தினால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி ஒரு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும். கிணற்றில் குதிக்கக்கூடாது, தலை தூக்கும்வரை காத்திருந்து கொட்டும். தேனீ கொட்டிய முள்ளை உடனே சுரண்டி எடுத்துவிடவேண்டும். பத்து இருபது இடத்தில் கொட்டியிருந்தாலோ, மூச்சுத் திணறல், உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு தெரிந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

மூடாத குழி

இதுவரை சொன்னவை நமக்கு நேரக்கூடியவை. இனிச் சொல்வது நம்மால் பிறருக்கு நேரக்கூடியவை.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், பயன்படாமல் விட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். எண்பது மணி நேரத்துக்கு மேல் தமிழகமே டி.வி. முன்னால் உட்கார்ந்து பிரார்த்தித்தது. குழந்தை உயிரோடு வரவில்லை. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்பவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010லேயே உத்தரவிட்டிருந்தது. மோட்டாரை வெளியே எடுத்தாலும் வாயில் இரும்பு மூடியைப் பொருத்திப் பூட்டவேண்டும். மேலே சாக்கு கட்டி வைப்பது மூடியல்ல.

உங்கள் நிலத்தில் தண்ணீர் வராமல் விட்ட துளை எத்தனை? அப்பா போட்டது, அண்ணன் போட்டது எல்லாம் எங்கே இருக்கின்றன? இந்த லீவில் போய் எண்ணிப் பாருங்கள். நீங்கள் இல்லாத மூன்று நூற்று ஐம்பது நாளும் அந்த வழியாக நடப்பது பக்கத்து வீட்டுக் குழந்தைகள்.

பழைய கிணறு தூர்வார ஆளை இறக்குமுன்னும் கவனம் வேண்டும். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் காற்றைவிடக் கனமான கெட்ட காற்று தங்கும், பிராணவாயு இருக்காது. எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினால் அணைந்துவிடும் கிணற்றில் யாரும் இறங்கக்கூடாது. அணையாவிட்டாலும் விஷவாயு இல்லை என்று அது உறுதி சொல்லாது. முதலாவது ஆள் மயங்கினால் அவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது, மூன்றாவது ஆளும் சேர்ந்து இறப்பதுதான் இத்தகைய விபத்துகளின் கதை. இடுப்பில் கயிறு கட்டாமல் ஒருவரையும் இறக்காதீர்கள். மயங்கினால் மேலிருந்து இழுக்கவேண்டும். தீயணைப்புப் படையைக் கூப்பிடவேண்டும்.

பன்றிக்கு வைத்த கம்பி

காட்டுப்பன்றியின் தொல்லை இன்று மலையடிவாரத்தோடு நிற்கவில்லை. ஒரே இரவில் கடலைக் கொல்லையையும் மரவள்ளியையும் உழுது போட்டுவிடுகிறது. குத்தகைக்காரரின் கோபம் நியாயமானதே. ஆனால் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விட்டு வேலி போடுவது கொலைக்குச் சமம். 230 வோல்ட் விடாமல் பாயும் கம்பி, பன்றியா மனிதனா என்று பார்க்காது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகள் இறந்த செய்தியும் அவ்வப்போது வருகிறது. சூரிய மின்வேலி வேறு. அதில் பாட்டரியிலிருந்து நொடிக்கு ஒரு முறை மிகச் சிறு துடிப்பாகத்தான் மின்சாரம் போகும். அதிர்ச்சி தரும், கொல்லாது. அதற்கும் வனத்துறையிடம் பதிவு செய்யவேண்டும் என்று 2023ல் தமிழகத்தில் விதிகள் வந்துவிட்டன. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் குற்றமே. மாட்டின் வாயையும் அது பிளக்கும்.

பழைய கலர்ச் சேலைகளை வயலைச் சுற்றிக் கட்டுவது பல ஊர்களில் நடக்கும் செலவில்லாத உபாயம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும். நாமே துப்பாக்கி எடுக்க முடியாது. கிராம நிர்வாக அலுவலர் மூலமும் வனத்துறைக்கும் எழுத்துமூலம் புகார் கொடுக்கவேண்டும். பயிர் நஷ்டத்துக்கு ஈடும் கேட்கலாம்.

நிலம் நம் பெயரில் இருக்கும்போது, குத்தகைக்காரர் போட்ட கம்பி வேலிக்காக நம் பெயரும் வழக்கில் இழுபடலாம். "எனக்குத் தெரியாது, நான் பம்பாயில் இருக்கிறேன்" என்றால் செத்தவர் வீட்டுக்கு அது என்ன சமாதானம்? குத்தகை பேசும்போதே மின்கம்பி வேலி கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

இதில் நம் பங்கு ஒன்று உண்டு. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் நிலம்தான் பகலில் பன்றிக்குப் பள்ளியறை. அதைச் சுற்றியுள்ள சம்சாரிகள் பாடுபட்டு விளைவிப்பதைப் பன்றி இரவில் தின்றுவிட்டு, பகலில் நம் நிலத்தில் வந்து தூங்குகிறது. வருஷத்துக்கு ஒரு முறை புதரை வெட்டி எடுப்பது பக்கத்து வயல்காரருக்கு நாம் செய்யும் மரியாதை.

மயிலும் குரங்கும்

மயில் 1963 முதல் தேசியப் பறவை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. நெல்லையும் தக்காளியையும் கொத்துகிறது என்று விஷம் வைத்தால் ஜெயில் நிச்சயம். நாற்றங்காலுக்கு வலையும், வயலில் பளபளக்கும் ரிப்பனும் கட்டலாம்.

குரங்கின் விஷயத்தில் தவறு பெரும்பாலும் நம்முடையதுதான். வருஷத்துக்கு ஒரு முறை வரும் நாம், குழந்தைகளின் ஆசைக்காக வாழைப்பழம் போட்டுவிட்டு ரயிலேறிவிடுகிறோம். பழகிய குரங்கு மறுநாள் அத்தையின் சமையலறைக்குள் வருகிறது. போடாதீர்கள். கண்ணோடு கண் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். அதன் பாஷையில் அது சண்டைக்கு அழைப்பு. குரங்கோ நாயோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கவேண்டும். மீதி ஊசிகளை இங்கே வந்து போட்டுக்கொள்ளலாம், விட்டுவிடத்தான் கூடாது.

திரும்பி வந்தபின்

கடைசியாக ஒன்று. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தமிழகக் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் அதிகம். ஆகவே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய் வருபவர்கள் கவனிக்கவேண்டும். கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். அதாவது நீங்கள் முலுண்டுக்கோ செம்பூருக்கோ திரும்பி ஆபீஸ் போகத் தொடங்கியபின். இங்குள்ள டாக்டர் டெங்குவையும் மலேரியாவையும் தேடிக்கொண்டிருப்பார். "நான் கிராமத்துக்குப் போய் வந்தேன், தோட்டத்தில் வேலை செய்தேன்" என்று நீங்களாகச் சொல்லவேண்டும். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத்திலேயே கண்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் தீர்ந்துவிடும். விட்டுவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். எலி மூத்திரம் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலுக்கும் இதே புத்திமதிதான்.

சுவரில் ஒட்ட ஒரு தாள்

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள், ஊர் வீட்டுச் சுவரில் ஒரு தாளில் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்: ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு 101. விஷமுறிவு மருந்து இருப்பு வைத்திருக்கும் மிக அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரி எது, அது எத்தனை கிலோமீட்டர்; இதைப் போன உடனே விசாரித்து எழுதவேண்டும், கடித்தபின் விசாரிக்கக்கூடாது. இரவில் வண்டி எடுக்கக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரின் போன் நம்பர். வனத்துறை அலுவலக நம்பர். இவ்வளவே போதும்.

அந்தத் தாள் பதினைந்து நாள்தான் நமக்கு உபயோகம். அதன்பின் அது அங்கேயே இருக்கிற அத்தைக்கும், விளக்கு வைக்க வரும் பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், நம் நிலத்தில் தண்ணீர் பாய்ச்சும் மனிதருக்கும் உபயோகம். முடிந்தால் அவர்களுக்கு ஆளுக்கொரு டார்ச் லைட்டும், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும், கொசுவலையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பம்பாய் அல்வாவைவிட அது நாள்பட நிற்கும்.